பழைய ஆஸிலாஸ்கோப்பும் ஐந்து மின்னழுத்தங்களும்

செம்பூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் அம்மையார் ஒருவர் சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்ப ஏற்பாடாகியிருந்தது. இருபது நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்து, நவி மும்பையில் மகன் பார்த்துவைத்திருந்த சிறிய வாடகை வீட்டுக்குச் செல்ல வேண்டும். பாத்திரம் பண்டங்களில் பாதிக்குக்கூட அங்கே இடமில்லை. இந்நிலையில், காலமான தம் கணவரின் மேசைமீது பல ஆண்டுகளாகத் துணி போர்த்திக் கிடக்கும் கருவியை என் செய்வது என்பதே அவர் கேள்வி.

"பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார், தம்பி. எடைக்கு எடுத்துக்கொள்கிறாராம். கொடுத்துவிடலாம்தான். ஆனால் ஓடுகிற நிலையில் இருந்தால் அவர் கையாண்ட பொருள் நாலு பேருக்குப் பயன்படுமே என்று பார்க்கிறேன். அந்தப் பச்சைக் கோடு நேராக ஓடிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று" என்றார்.

மறுநாளே சென்று துணியை விலக்கினோம். உள்ளே இருந்தது டெக்ட்ரானிக்ஸ் 545 என்னும் ஆஸிலாஸ்கோப். ஏறத்தாழ 30 கிலோ எடையும், ஒரு சிறு அலமாரியின் பருமனும் உடையது. ஏதோ ஓர் ஆய்வுக்கூடம் பழையது என்று ஏலத்தில் விட்டபோது அப்பெரியவர் வாங்கி வந்ததாம்.

ஆஸிலாஸ்கோப்பைக் காணாத நேயர்களுக்கு ஒரு சொல். மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கோடாகக் காட்டும் திரையைப் பார்த்திருப்பீர்கள். மின்சுற்று எதிலும் மின்னழுத்தம் கணந்தோறும் ஏறி இறங்குவதை அதுபோலவே ஒளிக்கோடாக வரைந்து காட்டுவது இக்கருவி. அதன் திரையாகிய எதிர்மின் கதிர்க் குழாயை ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897-இல் அமைத்தார். அமெரிக்காவில் ஆரிகான் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 1946-இல் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகியோர் முன்னின்று தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1947-இல் 511 என்னும் முதற் கருவியை வெளியிட்டது. 545 பிறந்தது 1950-களின் நடுப்பகுதியில். விநாடிக்கு 3 கோடி முறை அதிரும் அலையை அது காட்டவல்லது. அக்காலத்தில் அது பெரும் ஆற்றல். இன்று கைக்கு அடங்கும் புதிய கருவிகள் அதைவிடப் பன்மடங்கு விரைவாகச் செயல்படுகின்றன, விலையும் குறைவு. வேலை ஆனால் போதும் என்போர் அவற்றை வாங்குவதே அறிவுடைமை. ஆனால் வால்வு ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டு, கம்பி ஒவ்வொன்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்று இளைஞர்க்குக் காட்டுவதற்கு இதற்கு ஈடானது அரிது.

அம்மையாரின் பேரன் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். நாம் போவதற்குள் மின்கம்பியைச் சுவரில் செருகிவிட்டிருந்தான். அதை உடனே கழற்றச் சொன்னோம். பல ஆண்டு உறங்கிய வால்வுக் கருவிக்குத் திடீரென முழு மின்சாரம் தருவது கருவிக்கும் ஆகாது, அருகில் நிற்பவருக்கும் ஆகாது. இதனுள்ளே மின்மாற்றியிலிருந்து பிறக்கும் நிலைப்படுத்திய அழுத்தங்கள் ஐந்து: கழித்தல் 150 வோல்ட், கூட்டல் 100, 225, 350, 500. இவை போதாவென்று, திரைக்குழாய்க்குத் தனியே 10,000 வோல்ட் அளவில் ஓர் ஏற்பாடும் உண்டு. ஐந்நூறு வோல்ட் மின்தேக்கியில் தேங்கி நின்றால், கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பின்பும் ஆளைக் கொல்லும். ஆதலால் அன்று முதல் நாம் வகுத்த கட்டுப்பாடு இது: கம்பியைக் கழற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு மின்தேக்கியையும் ஒரு மின்தடை வழியாகக் கருவியின் உடலுக்கு வடித்து, வடிந்ததா என்று மீட்டரால் பார்த்த பிறகே கை உள்ளே போகலாம். அப்போதும் ஒரு கைதான். மற்றொன்று சட்டைப் பைக்குள். பையன் முதலில் சிரித்தான். "தாத்தாவும் இப்படித்தான் ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்வார், மாமா. நான் அது ஏதோ பழக்கம் என்று நினைத்தேன்" என்றான் பிறகு.

முதல் நாளில் பற்றவைப்பு வேலை எதுவும் நடைபெறவில்லை. தூரிகையும் ஊதுகுழலுமாகத் தூசி தட்டினோம். விசிறியின் காற்று வடிகட்டி கம்பளி போல் அடைத்திருந்தது; அதைக் கழுவினோம். அரை கிலோவாட் அளவில் மின்சாரம் உண்டு வெப்பமாகத் தள்ளும் கருவி இது, விசிறி நின்றால் சிறிது நேரத்தில் தானே வெந்துவிடும். அடுத்து, மின்மாற்றியின் முனைகளைப் பார்த்தோம். இக்கருவியை 117 வோல்ட்டுக்கும் 234 வோல்ட்டுக்கும் மாற்றி அமைக்கலாம். அமெரிக்கக் கருவியை நம் 230 வோல்ட்டில் செருகும் முன்னர் இதைப் பாராமல் விட்டு எரித்தவர் பலர். இங்கே பெரியவர் சரியாகவே மாற்றியிருந்தார்.

அவர் எத்தகைய மனிதர் என்பதற்கு இன்னும் இரு சான்றுகள் உள்ளே கிடைத்தன. இக்கருவியில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் வெண்ணிறப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் பற்றவைக்கப்பட்டுள்ளன. பீங்கானின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். சாதாரணப் பற்றாசு, அதாவது வெள்ளீயமும் ஈயமும் கலந்த கம்பி, உருகும்போது அந்த வெள்ளியைத் தன்னுள் கரைத்துக்கொண்டுவிடும். பிறகு அப்பள்ளத்தில் எதுவும் ஒட்டாது. எனவே சிறிது வெள்ளி கலந்த பற்றாசையே அங்குப் பயன்படுத்த வேண்டும். பழுதுபார்ப்பவன் அதைத் தேடி அலையக்கூடாதென்று, கருவியின் உட்சுவரிலேயே அப்பற்றாசு ஒரு சுருளாக மாட்டி அனுப்பினார்கள் செய்தவர்கள். எங்கோ எப்போதோ வரப்போகும் முன்பின் அறியாத ஒருவனை நினைத்துச் செய்த காரியம் அது. இச்சுருளில் பாதி செலவாகியிருந்தது. பெரியவர் பள்ளம் தவறாமல் முறைப்படியே வேலை செய்திருந்தார்.

மற்றொன்று, பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டியிருந்த ஒரு காகிதத் துண்டு. ஐந்து அழுத்தங்களையும் அளந்து, பென்சிலால் வரிசை வரிசையாக எழுதியிருந்தார். முதல் வரியில் 150, 100, 225, 350, 500 என்று அச்சடித்தாற்போல் எண்கள். நடுவே சில வரிகளில் சிறுகச் சிறுகக் குறைவு. கடைசி வரியில் 141, 94, 211, 329, 470. அதன் கீழே வெறுங் காகிதம்.

பையன் அதைப் பார்த்து, "ஐந்துமே கெட்டுப்போய்விட்டன" என்றான். ரெகுலேட்டர் வால்வுகள் அனைத்தையும் ஒரு தொகுதியாகத் தருவிக்கலாம் என்று விலையும் பார்த்துவிட்டான். பல ஆயிரம் ரூபாய். நாம் அவனை ஒரு கணக்குப் போடச் சொன்னோம். 141-ஐ 150-ஆல் வகுத்தால் 0.94. 94-ஐ 100-ஆல் வகுத்தாலும் 0.94. 329-ஐ 350-ஆல் வகுத்தாலும் அதுவே. ஐந்து தனித்தனி நோய்கள் ஒரே விழுக்காட்டில் பிடிப்பதில்லை.

விளக்கம் இக்கருவியின் அமைப்பிலேயே உள்ளது. கழித்தல் 150 வோல்ட்டை நிலைப்படுத்துவதற்கு 5651 என்னும் சிறு வாயுக் குழாய் ஒன்று அளவுகோலாக நிற்கிறது. அதன் முனைகளிடையே எப்போதும் ஏறத்தாழ 87 வோல்ட் இருக்கும். மற்ற நான்கு அழுத்தங்களுக்குத் தனி அளவுகோல் இல்லை. கழித்தல் 150-ஐப் பார்த்தே தம்மை அவை சரிசெய்துகொள்கின்றன. அளக்கிற படி சிறுத்துப்போனால், அதனால் அளந்த நெல், பயறு, உளுந்து எல்லாமே குறையத்தான் செய்யும். களஞ்சியத்தில் குற்றம் காண்பதில் பயனில்லை. படியைப் பார்க்க வேண்டும்.

ஆயினும் உடனே மின்சாரம் ஏற்றவில்லை. மீட்டரின் ஓம் அளவையை வைத்து ஒவ்வோர் அழுத்தக் கம்பிக்கும் கருவியின் உடலுக்கும் இடையே தடை பார்த்தோம். எங்கும் குறுக்கிணைப்பு இல்லை. நெடுங்காலம் சும்மா கிடந்த எலெக்ட்ராலிடிக் மின்தேக்கிகளில் உள்ளே இருக்கும் ஆக்சைடுப் படலம் நலிந்துபோகும். திடுமென முழு அழுத்தம் பட்டால் அவை கசிந்து, சூடேறி, சில சமயம் வெடிக்கும். எனவே ஒவ்வொன்றின் இணைப்பையும் அவிழ்த்து, வெளியிலிருந்து ஒரு தனி மின்வழங்கியால், 10,000 ஓம் தடை ஒன்றின் வழியாக, மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்றினோம். அத்தடையின் முனைகளில் 10 வோல்ட் நின்றால் கசிவு 1 மில்லி ஆம்பியர் என்று பொருள். முதல் மணியில் 12 வோல்ட், இரண்டாம் மணியில் 5, பிறகு 1 என்று இறங்கினால் படலம் மறுபடி உருவாகிறது என அறியலாம். எல்லாம் இப்படித் தேறின, ஒன்றைத் தவிர. அது எவ்வளவு நேரமாகியும் இறங்காமல் உடம்பும் சுட்டது. அதை மட்டும் மாற்றினோம். இதற்கே ஐந்து மாலைகள் ஆயின. வீடு காலி செய்ய இருந்த நாட்கள் அதற்குள் பன்னிரண்டாகக் குறைந்துவிட்டன. கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டு, மேசைக்கு வர ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சியிருந்தது.

ஆறாம் மாலை மின்சாரம் தந்தோம். மீட்டரின் முனைகளை முன்னதாகவே கிளிப்பால் பிடிக்கவைத்து, கைகளை வெளியே எடுத்த பிறகே விசையைப் போட்டோம். விசிறி சுழன்றது, வால்வுகள் சிவந்தன. வால்வுகள் சூடேறும்வரை உயரழுத்தத்தைத் தடுத்து வைக்கும் ரிலே ஒன்று இதில் உண்டு. ஏறத்தாழ அரை நிமிடத்தில் அது 'டக்' என்று விழுந்தது. கழித்தல் 150 இருக்க வேண்டிய இடத்தில் 126. மற்றவை முறையே 84, 189, 294, 420. வகுத்துப் பாருங்கள், எல்லாம் 0.84. திரையில் கோடு மங்கலாக, பாம்பு நெளிவதுபோல் நெளிந்து தெரிந்தது. செருகுபெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தோம், எண்கள் மாறவில்லை. குறை கழித்தல் 150-இல்தான் என்பது உறுதியாயிற்று.

இனிப் படியையே சோதிக்க வேண்டும். 5651 குழாயின் முனைகளிடையே 87 வோல்ட்டுக்கு மிக அருகில் இருந்தது, அளவுகோல் பழுதில்லை. அப்படியானால் அளவு தெரிந்தும் ரெகுலேட்டரால் அதை எட்ட முடியவில்லை என்றாகிறது. ஏன் முடியவில்லை? அதற்கு வந்துசேரும் பச்சை மின்சாரம், அதாவது இன்னும் நிலைப்படுத்தாத அழுத்தம், போதவில்லை. அளந்ததில் வரைபடத்தில் அச்சிட்டிருந்ததைவிட ஏறத்தாழ 50 வோல்ட் குறைவாக இருந்தது. மின்மாற்றியிலிருந்து வரும் மாறுமின்னழுத்தமோ சரியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருப்பவை ரெக்டிபயரும் மின்தேக்கியும் மட்டுமே.

இவ்விடத்தில் அவசரக்காரர் மின்தேக்கியைத்தான் குற்றஞ்சாட்டுவார். திரையில் கோடு நெளிந்தால் மின்தேக்கி என்பது வானொலி பழுதுபார்ப்போரின் பழைய பாடம். ஆனால் மின்தேக்கி கொள்ளளவு இழந்திருந்தால், அதன் முனைகளிலேயே அலையாட்டம் பெரிதாக இருக்க வேண்டும். மீட்டரை ஏ.சி. அளவைக்கு மாற்றிப் பார்த்தோம். இங்கே நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று: அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, நமக்கு 50. முழு அலை ரெக்டிபயரில் மின்தேக்கிக்கு அங்கே விநாடிக்கு 120 முறை நீர் வார்க்கப்படுகிறது, இங்கே 100 முறைதான். அதனால் அதே மின்தேக்கியில் இங்கே அலையாட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும், அது பழுதன்று. அதைக் கழித்துப் பார்த்தால், இங்கிருந்த அலையாட்டம் இயல்பான அளவே. அழுத்தத்தின் மொத்த மட்டம்தான் தாழ்ந்திருந்தது. குற்றவாளி ரெக்டிபயர்.

இக்கருவியில் இருந்தவை செலினியம் ரெக்டிபயர்கள். சதுரத் தகடுகள் கோத்த, மீன் செதிள் போன்ற அடுக்குகள். சிலிக்கான் டயோடு பரவுவதற்கு முன்பு இவையே வழக்கில் இருந்தன. இவை ஒரே நாளில் சாவதில்லை. ஆண்டுதோறும் உள்தடை சிறிது சிறிதாகக் கூடி, கொடுக்க வேண்டிய அழுத்தத்தைத் தாமே விழுங்கிக்கொள்ளும். பெரியவரின் காகிதத்தில் வரிக்கு வரி எண்கள் இறங்கியதன் காரணம் இதுவே. அவர் கண்ணெதிரே நடந்தது, அவரும் கருத்தோடு பதிந்துவைத்தார், காலம் இடங்கொடுக்கவில்லை. எரிந்த செலினியத்தின் புகை நச்சுடையது, நாற்றமும் குடலைப் பிடுங்கும். இனிமேல் அதை ஓடவிடுவது தகாது என்று அவிழ்த்தோம்.

லாமிங்டன் சாலையில் 1என்5408 என்னும் சிலிக்கான் டயோடு நான்கு வாங்கினோம். ஒவ்வொன்றும் 3 ஆம்பியர், 1000 வோல்ட் தாங்கும். நான்கும் சேர்ந்து ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான். ஆனால் சிலிக்கான் மிகச் சிறிய அளவே அழுத்தத்தை விழுங்கும். செலினியம் இருந்த இடத்தில் அப்படியே வைத்தால், ரெகுலேட்டருக்கு வரும் அழுத்தம் இருக்க வேண்டியதைவிட உயர்ந்து, மிகுதியெல்லாம் வால்வுகளின் தலையில் வெப்பமாக விழும். ஆதலால் தொடராக ஒரு கம்பி சுற்றிய மின்தடையையும் சேர்த்து, அதைப் பெரிய அளவிலிருந்து படிப்படியாகக் குறைத்து, வரைபடத்து எண்ணுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டோம். பற்றவைக்கும் வேலையை, சுருளில் மிஞ்சியிருந்த வெள்ளிப் பற்றாசைக் கொண்டு, பையனே செய்தான்.

இனிதான் நம் கை நடுங்கிய இடம். விசையைப் போட்டோம். ரிலே விழுந்தது. மீட்டர் 126-ஐத் தாண்டி 140, 150 என்று ஏறியபோது பையன் கைதட்டினான். எண் 150-இல் நிற்கவில்லை. 162-க்குப் போயிற்று. படி பெருத்தால் எல்லாம் பெருக்கும் அல்லவா? கூட்டல் 500-இன் இடத்தில் 540 நின்றிருக்கும். விசையை அணைத்தோம். சில விநாடிகளுக்குமேல் ஆகியிராது; ஆயினும் அந்த விநாடிகளில், வேறெங்கும் வாங்கக் கிடைக்காத திரைக்குழாயும் பழைய மின்தேக்கிகளும் நம் நினைவில் வந்துபோயின.

கழித்தல் 150-ஐச் செம்மை செய்வதற்கென்று ஒரு திருகாணி உண்டு. அதை ஒரு கோடி முனைவரை யாரோ திருகிவைத்திருந்தார்கள். அழுத்தம் குறைகிறதே என்று கூட்டப் பார்த்திருக்கிறார்கள். பச்சை மின்சாரமே போதாதபோது அத்திருகாணி எவ்வளவு திருகினாலும் ஒன்றும் செய்யாது. குறை நீங்கியதும் அத்தனையும் ஒரேயடியாக வேலை செய்துவிட்டது. மின்சாரம் ஏற்றும் முன் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளாதது நம் பிழை; ஐந்து நாள் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, எல்லாவற்றிலும் எளியதைப் பாராமல் விட்டோம். திருகியவர் யார் என்று அம்மையாரிடம் நாம் கேட்கவில்லை. அவர் அடுக்களை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மின்தேக்கிகளை வடித்து, திருகாணியை நடுவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் விசையைப் போட்டோம். 151. ஒரு மயிரிழை திருக, 150. மற்ற நான்கும் 100, 225, 349, 501 என்று தாமே வந்து நின்றன. எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. செருகுபெட்டியை உள்ளே தள்ளினோம். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை பச்சைக் கோடு ஒன்று, நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது.

அம்மையார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "இதுதான். இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு பையனிடம், "அந்தத் தாளில் எழுதினாயா?" என்று கேட்டார். அவன் பென்சிலைத் தேடிக் கண்டுபிடித்து, தாத்தாவின் கடைசி வரிக்குக் கீழே ஐந்து எண்களையும் எழுதினான்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்ததில் 1 வோல்ட்டுக்கு மேல் எதுவும் நகரவில்லை. குறைகள் இன்னும் சில உண்டு. இரண்டாம் அலைவரிசைக் குமிழ் அழுக்கேறிக் கரகரக்கிறது. மற்ற அழுத்தங்களுக்குரிய செலினியம் அடுக்குகள் இப்போதைக்குத் தாங்குகின்றன. அவற்றையும் வரும் கோடைக்குள் மாற்றிவிட எண்ணம். வீடு காலி செய்ய மூன்று நாள் இருக்கும்போது கருவியைப் போர்வையில் சுற்றி, இருவர் பிடித்து மூன்று மாடி இறக்கினோம். இப்போது அது சங்கக் கட்டடத்தின் பின்னறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பையனே மாணவர்களுக்கு இயக்கிக் காட்டுகிறான். பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர், மேல்மூடி திறந்திருக்கும்போது சிறு குழந்தைகளை அருகில் விடாதிருக்க வேண்டுகிறோம்.